இருபத்து மூன்று மைல்

— கத்தாதே ஆசா. நம்ம தலைக்கு நேர் மேலதான் சுக்கான்காரன் நிக்கிறான். மெதுவாப் பேசு, பலகை இடுக்கு வழியா நல்லாவே கேக்குது.

— கதவைத் திறக்க மாட்டியா அக்கா?

— சாவி உன் மச்சான் இடுப்புல தொங்குது. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது. ரொட்டி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு இறங்கி வந்தேன்.

— ரொட்டியெல்லாம் இங்க என்கூடத்தானே பூட்டிக் கிடக்கு. நான் உக்காந்திருக்கிறதே ரொட்டி மூட்டை மேலதான்.

— ஆமா, அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. குளிருதாடா? போர்வையைச் சுருட்டி இந்த இடுக்கு வழியாத் தள்ளட்டுமா?

— போர்வை கிடக்கட்டும். மணி என்ன?

— மூணு இருக்கும்.

— காத்து?

— அதே வடகிழக்குத்தான். பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. பின்னால நின்னு பாத்தா முன் பாய்மரம் தெரியலை. பஞ்சு மெத்தையைக் கிழிச்சு உதறின மாதிரி இருக்கு.

— இன்னும் மேற்கேதான் போறோமா?

— நேர் மேற்கு. நடுராத்திரிக்குள்ள சேலெம் துறைமுகம்னு ஆளுங்க தாடி மழிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பத்து மாசம் சுமத்ரா மிளகு நாத்தத்துலயே கிடந்தவங்க, பாவம். சமையக்காரன் கடைசி வெல்லப்பாகைக்கூடச் சுரண்டி களி கிண்டிட்டான்.

— அக்கா, நான் சொல்றதைக் கேளு. இன்னும் மூணு மணி நேரம் இப்படியே போனா சேலெம் வராது. கேப் காட் மணல்தான் வரும். அந்த மணல்ல இந்தக் காத்துல ஏறின கப்பல் எதுவும் திரும்பி இறங்கினதில்லை. உனக்கே தெரியும்.

— நம்ம பெரியப்பா போனது அங்கதான். தெரியாம என்ன.

— அப்ப ஏன் சும்மா நிக்கிறே? போய் அவர்கிட்டச் சொல்லு.

— என்னன்னுடா சொல்றது? மத்தியானம் நீ பண்ணின காரியத்துக்கு அப்புறம் உன் பேரை எடுத்தாலே அவர் மீசை துடிக்குது. கணக்குத் தப்புன்னு காதோட சொல்லியிருக்கலாம். இருபது ஆளுங்க முன்னால, 'மச்சான், இந்த வழியில போனா எல்லாரும் சாவோம்'னு கத்தினே. சரி, அதுகூடப் போகட்டும். சுக்கான்ல போய் கையை வெச்சியே, அது என்ன புத்தி?

— வேற வழி தெரியலை.

— கேப்டன் உத்தரவில்லாம சுக்கானைத் தொட்டா அதுக்குப் பேரு கலகம். உனக்குத் தெரியாதா? கரைக்குப் போனதும் உன்னைக் கோர்ட்டுல நிறுத்தியே ஆகணும்னு சொல்றாரு. தண்டனை கிடைக்குதோ இல்லையோ, அதுக்கப்புறம் மாசசூசெட்ஸ்ல ஒரு மீன்பிடிப் படகுகூட உனக்கு வேலை தராது. கெசியாவையும் மறந்துட வேண்டியதுதான்.

— கெசியாவை இப்ப எதுக்கு இழுக்கிறே?

— இழுக்காம? அவர் தங்கச்சியைக் கட்டிக்கிறதுக்காகத்தானே இந்தக் கப்பல்ல ரெண்டாம் மேட் உத்தியோகத்துல ஏறினே. 'கப்பலை நம்பி இவன் கையில குடுக்கலாம்னு எனக்குத் தோணட்டும், அன்னிக்குப் பொண்ணு தரேன்'னு அவர் சொன்னாரு. நீ என்னடான்னா அவர் கையிலேர்ந்தே கப்பலைப் பிடுங்கப் பாத்தே.

— சிரிக்கிறியா அக்கா?

— அழுதா குரல் மேல கேக்கும். அதான்.

— இங்க பாரு. நான் சொன்னது சரின்னா எல்லாரும் மண்ணுக்குள்ள போவோம், கெசியா கறுப்புத்துணி கட்டிக்கிட்டுக் கரையில நிப்பா. நான் சொன்னது தப்புன்னா நான் மட்டும் ஜெயிலுக்குப் போவேன். ரெண்டுல எது நடந்தாலும் அவ எனக்கு இல்லை. அதை விட்டுட்டு நான் சொல்றதைக் கேளு.

— சொல்லு. புரியற மாதிரி சொல்லு, உன் வாத்தியார் மாதிரி ஆரம்பிக்காதே.

— எங்க வாத்தியார் சமையக்காரனுக்கே புரிய வெச்சவரு. மத்தியானம் சூரியன் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு அளக்கறோம் இல்ல? அதோட, அந்தத் தேதிக்குன்னு புத்தகத்துல ஒரு எண் இருக்கும். ரெண்டையும் சேத்துப் போட்டா, வடக்கே எவ்வளவு தூரத்துல இருக்கோம்னு தெரிஞ்சிடும். அளந்ததுல தப்பு இல்லை. நானும் அளந்தேன், மச்சானும் அளந்தாரு, ஒரே அளவுதான். புத்தகத்துல இருக்கிற எண்தான் தப்பு.

— லண்டன்ல அச்சடிச்ச புத்தகம்டா. உன் மச்சானோட அப்பா காலத்துலேர்ந்து அதை வெச்சுத்தான் உலகம் பூரா போய்ட்டு வராங்க.

— லண்டன்ல அச்சடிச்சா தப்பு வராதா? இந்த வருஷம் மார்ச் மாசம் பூரா ஒவ்வொரு வரியும் ஒரு நாள் தள்ளி இருக்கு. இந்த மாசத்துல ஒரு நாள் தப்பினா இருபத்து மூணு மைல் தப்பும். சேலெமுக்கு நேரா இருக்கோம்னு மச்சான் நினைக்கிறாரு. இல்லை. இருபத்து மூணு மைல் தெற்கே இருக்கோம். கேப் காட் மூக்குக்கு நேரா.

— அப்ப அப்படியே நின்னுடலாமே. நாளைக்கு வானம் தெளிஞ்சதும் பாத்துக்கலாம்.

— இந்தக் காத்துல பாயை இறக்கிட்டு நின்னாலும் தெற்கேதான் தள்ளிட்டுப் போகும். தெற்கே அந்த மணல்தான் இருக்கு. இப்பவே வடமேற்காத் திரும்பணும். இருட்டறதுக்குள்ள.

— ஷ்... யாரோ இறங்கி வராங்க.

— ரொட்டி கிடைச்சுதா டேபிதா?

— நீங்களா... கிடைக்கலைங்க.

— எப்படிக் கிடைக்கும். ரொட்டியை விட்டுட்டு நீ ரொட்டி மூட்டை மேல உக்காந்திருக்கிற கழுதைகிட்டப் பேசிக்கிட்டிருக்கே.

— கோவிச்சுக்காதீங்க. குளிருதான்னு கேட்டேன், அவ்வளவுதான்.

— கேட்டுக்கோ டேபிதா, இருபத்தோரு வருஷமா நான் கடல்ல இருக்கேன். ஒரு பயல் என் சுக்கான்ல கை வெச்சதில்லை. வெச்சது என் பொண்டாட்டியோட தம்பி. நாளைக்கு இதே ஆளுங்களை நான் எந்த முகத்தோட மேய்க்கிறது?

— கேப்டன், ஒரு நிமிஷம் நான் பேசலாமா?

— பாத்தியா. மேல எல்லார் முன்னாலயும் கேப்டன்னு கூப்பிட வேண்டிய இடத்துல மச்சான்னு கத்தினான். இங்க நாம மூணு பேர் மட்டும் நிக்கிறோம், இப்ப கேப்டனாம். எல்லாத்தையும் தலைகீழாத்தான் பண்ணுவான்.

— சரி மச்சான். சுக்கானைத் தொட்டது தப்பு. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் ஒத்துக்கிறேன். ஆனா கணக்கு தப்பில்லை.

— காய்ச்சல் உனக்கு இன்னும் இறங்கலைன்னு நினைக்கிறேன். மூளையில எங்கயோ தங்கிடுச்சு. மூணு வாரம் கிடந்தே. உங்கக்கா உன் வாயில கஞ்சி ஊத்தி ஊத்திக் கை வீங்கிப் போச்சு. எழுந்து நின்னு எட்டு நாள் ஆகலை, எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டான்.

— என் கணக்கு இல்லை மச்சான். எங்க வாத்தியார் பௌடிச் சொன்னது.

— யாரு, அந்தப் பீப்பாய்க்காரன் மகனா? வந்துருச்சு பாரு அந்தப் பேரு. பத்து வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அப்பனுக்குப் பீப்பாய்ப் பட்டை அடிச்சவன். அப்புறம் கப்பல் சாமான் கடையில கயிறு அளந்தவன். தானே ஒரு கப்பலைக்கூட இன்னும் நடத்தினதில்லை, சரக்குக் கணக்கு எழுதறதுக்குத்தான் ஏறிப் போறான். அவன் லண்டன் புத்தகத்துல தப்புக் கண்டுபிடிக்கிறானாம்.

— கயிறு அளந்துக்கிட்டே லத்தீன் கத்துக்கிட்டாரு. யாரும் சொல்லிக் குடுக்காம. நியூட்டன் எழுதினதைப் படிக்கணும்னு, அதுக்காகவே.

— லத்தீன் தெரிஞ்சா மணல்மேடு விலகிக்குமா?

— விலகாது. ஆனா எங்க இருக்குன்னு தெரியும். அவரோட ஒரே ஒரு தடவைதான் போனேன் மச்சான். கேப்டன்கள் கதவைச் சாத்திக்கிட்டுக் கணக்குப் போடுவாங்க. இவர் பலகையைத் தூக்கிட்டு நாங்க படுக்கிற இடத்துக்கே வந்துடுவாரு. நிலாவை வெச்சு இடம் கண்டுபிடிக்கிறது எப்படின்னு ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிக் குடுத்தாரு. ஒருத்தனுக்குப் புரியலைன்னா வேற மாதிரி சொல்லுவாரு. அதுவும் புரியலைன்னா ராத்திரி பூரா யோசிச்சுட்டுக் காலையில மூணாவது மாதிரி சொல்லுவாரு. எங்க சமையக்காரன் வாணலியை இறக்கி வெச்சுட்டு வந்து நாங்க எந்த இடத்துல இருக்கோம்னு சொல்லுவான்.

— அதான் குழம்புல உப்பு இல்லைன்னு ஊரெல்லாம் பேசினாங்களா?

— சும்மா இருங்க நீங்க. அந்தப் பயணம் போயிட்டுத் திரும்பி வந்தப்போ அவர் சம்சாரம் உயிரோட இல்லை. பதினெட்டு வயசு. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட இல்லை. அந்தச் செய்தி கேட்டுத்தான் நான் அடம்பிடிச்சு உங்ககூட இந்தக் கப்பல்ல ஏறினேன். கரையில உக்காந்து யார் முதல்ல போவாங்கன்னு காத்துக்கிட்டிருக்க என்னால முடியாதுன்னு.

— அது எனக்குத் தெரியும் டேபிதா.

— தெரிஞ்சா கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. உங்களை மட்டும் கொண்டு போறதில்லை இந்தக் கப்பல்.

— சரி. என்னதான் சொல்றான் அந்தப் பீப்பாய்?

— கதவுக்கு அடியில ஒரு காகிதம் தள்றேன் மச்சான். எடுத்துப் பாருங்க. நாம கிளம்பற அன்னிக்கு அவர் கையாலயே எழுதிக் குடுத்தது. அந்தப் புத்தகத்துல எந்தெந்தப் பக்கம் தப்புன்னு. கடைசி வரியைப் படிங்க.

— டேபிதா, அந்த விளக்கைக் கிட்டக் கொண்டா. ...'ஆயிரத்தெண்ணூறு மார்ச். சூரியன் பட்டியல் முழுதும் ஒரு நாள் பிழை. இருபத்து மூன்று மைல்.' ம்.

— அவர் கையெழுத்துத்தாங்களா?

— அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்தக் கடையில எத்தனை வருஷம் எனக்குச் சீட்டு எழுதியிருக்கான். அப்பவே இதே மாதிரி, எறும்பு வரிசை கட்டின மாதிரி.

— சீட்டுல எப்பவாவது தப்பு இருந்ததா மச்சான்?

— இல்லை. நூறு பாகம் நீளக் கயிறுன்னு எழுதியிருந்தா நூறு பாகம் இருக்கும். ஒரு தடவை சந்தேகப்பட்டு நான் துறைமுகத்துலயே பிரிச்சு அளந்தேன். அவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். நூறு பாகம் இருந்துச்சு. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு.

— என்னங்க, இப்ப நம்மகிட்டப் பிரிச்சு அளக்க நேரம் இல்லை.

— கேட்டுக்கோ டேபிதா. நான் போற வழியை இப்ப மாத்தினா, மத்தியானம் சொன்னது தப்புன்னு அத்தனை பேர் முன்னாலயும் ஆகும். ரெண்டாம் மேட் சொல்லிக் கேப்டன் திரும்பினான்னு சேலெம்ல ஒவ்வொரு சாராயக் கடையிலயும் பேசுவாங்க.

— பேசட்டும். பேசறதைக் கேக்க நாம இருப்போம் இல்லையா?

— இவன் சொன்னது தப்பா இருந்தா?

— உங்களுக்கு உள்ள என்ன தோணுது? கேப்டனாச் சொல்லாதீங்க. என் வீட்டுக்காரராச் சொல்லுங்க.

— மத்தியானத்துலேர்ந்து மூணு தடவை அந்தப் புத்தகத்தைத் திறந்து பாத்துட்டேன். நிச்சயமா இருந்தா திறந்திருக்க மாட்டேன்.

— அப்ப திருப்புங்க.

— ...ஆசா.

— சொல்லுங்க மச்சான்.

— வடமேற்குன்னுதானே சொன்னே?

— வடமேற்கு. இருபத்து மூணு மைல் வடக்கே ஏறினதும் மேற்கே திரும்பலாம்.

— போறேன். காகிதம் என்கிட்டயே இருக்கட்டும். நீ இங்கயே இரு டேபிதா, மேல படி பூரா பனி உறைஞ்சு கிடக்கு.

— போயிட்டாரா அக்கா?

— போயிட்டாரு. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு கிழவன் மாதிரி ஏறிப் போறாரு. எனக்கே பாவமா இருந்துச்சு.

— உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.

— எனக்கு எதுக்குடா. அவர் காலைப் பிடி. கரைக்குப் போய்க் கெசியாகிட்டச் சொல்லி அவளையும் அவர் காலைப் பிடிக்கச் சொல்லு. ஏய், கப்பல் சாயுது பாரு. திருப்பிட்டாங்க. விளக்கு இந்தப் பக்கம் ஆடுது.

— ஆமா. மூட்டையெல்லாம் என் மேல சரியுது. அப்பாடா.

— ஏன்டா, எனக்கு ஒண்ணு புரியலை. அவ்வளவு பெரிய புத்தகம், அவ்வளவு படிச்சவங்க எழுதினது. அதுல எப்படி ஒரு நாள் தப்பும்?

— அது ஒரு வேடிக்கை. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுமில்ல?

— ஆமா, இருபத்தொன்பது.

— நூறு வருஷம் முடியறப்போ மட்டும் கூடாது. அப்படி ஒரு சட்டம். அதனால இந்த வருஷம் பிப்ரவரி இருபத்தெட்டோட முடிஞ்சுபோச்சு. புத்தகம் போட்டவன் அதை மறந்துட்டு எப்பவும் போல இருபத்தொன்பதுன்னு ஒரு வரி சேத்துட்டான். அதுலேர்ந்து அவன் பட்டியல் நம்மளைவிட ஒரு நாள் முன்னாடி ஓடிக்கிட்டிருக்கு. அவ்வளவுதான். ஒரே ஒரு வரி.

— இந்த வருஷம் இருபத்தொன்பதே கிடையாதா?

— கிடையாது.

— நிச்சயமாத் தெரியுமா?

— கர்த்தர் மேல ஆணை. ஏன் அப்படிக் கேக்கிறே?

— கப்பலோட தினப் பதிவுப் புத்தகம் நான்தானேடா எழுதறேன். அவருக்கு விரல் நசுங்கினதுலேர்ந்து.

— அதுக்கென்ன?

— நான் எழுதினேன். பிப்ரவரி இருபத்தொன்பது, சனிக்கிழமைன்னு. அவர்கிட்டக் கேட்டேன். 'நாலாவது வருஷம்தானே, எழுது'ன்னாரு.

— இரு. இரு. மறுநாள் என்ன எழுதினே?

— ஞாயித்துக்கிழமை, மார்ச் ஒண்ணு. அவர் எல்லாரையும் மேல வரச்சொல்லி ஜெபம் பண்ணினாரு.

— ஞாபகமாச் சொல்றியா? குழப்பிக்காதே.

— மறப்பேனாடா. அந்த இருபத்தொன்பதாம் தேதி காலையிலதான் உன் உடம்புல சூடு இறங்குச்சு. கண்ணைத் திறந்து தண்ணி கேட்டே. அப்புறம் பழையபடி அசந்து தூங்கிட்டே. தேதிக்குப் பக்கத்துல, 'என் தம்பி பிழைத்தான்'னு சின்ன எழுத்துல எழுதி வெச்சேன். கப்பல் புத்தகத்துல வீட்டுச் சமாச்சாரம் எழுதக்கூடாதுன்னு அவர் திட்டக்கூட இல்லை.

— அப்படின்னா நான் எழுந்து உக்காந்து என்ன தேதின்னு கேட்டப்போ...

— மார்ச் அஞ்சுன்னு சொன்னேன்.

— அது ஆறு.

— இப்ப என்னடா ஆச்சு?

— இன்னிக்கு பதிமூணு இல்லை அக்கா. பதினாலு. கப்பல் பூரா ஒரு நாள் பின்னாடி நிக்குது. புத்தகம் ஒரு நாள் முன்னாடி நிக்குது. மச்சான் தப்பான தேதியை வெச்சுத் தப்பான புத்தகத்தைப் பாத்திருக்காரு. ஒரு தப்பை இன்னொரு தப்பு அடிச்சுட்டுப் போயிடுச்சு.

— அப்ப?

— அவர் கணக்கு சரி. மத்தியானம் நாம சேலெமுக்கு நேராத்தான் இருந்தோம். இருபத்து மூணு மைலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

— ஐயோ. இப்ப திருப்பி விட்டாரே, அந்தப் பக்கம் என்ன இருக்கு?

— கேப் ஆன். இது மணல்கூட இல்லை. பாறை.

— எவ்வளவு நேரம் இருக்கு?

— இருக்கு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். இப்பவே திரும்பினா தப்பிச்சுக்கலாம். எல்லா எண்ணையும் ரெண்டு தடவை சரி பாத்தேன் அக்கா. ஒவ்வொரு வரியா. இன்னிக்கு என்ன தேதிங்கிறதை மட்டும் கேட்டதும் அப்படியே எடுத்துக்கிட்டேன். 'யார் சொன்னாலும் நீயே போட்டுப் பாரு, நான் சொன்னாலும் போட்டுப் பாரு'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு எங்க வாத்தியார்.

— தப்பு என்னோடது. நான்தான் எழுதினேன். அவர் வந்ததும் நானே சொல்லிடறேன்.

— உன் தப்பு நம்மளைக் காப்பாத்திக்கிட்டிருந்த தப்பு. அதைப் போய் நான்தான் திருத்த வந்தேன்.

— ஆசா, நான் சொல்றதைக் கேளு. உண்மையைச் சொன்னா நீ வெளிய வரமாட்டே. சுக்கான்ல கை வெச்சவன், கணக்கும் தப்பு, காத்து அடிக்கிறப்போ கப்பலைப் பாறைப்பக்கம் திருப்ப வெச்சவன். இதுக்கு மேல அவராலயும் உன்னைக் காப்பாத்த முடியாது. வேற ஏதாவது சாக்குச் சொல்லலாம். எனக்கு உடம்பு சரியில்லை, கப்பல் ரொம்ப ஆடுது, பழைய பக்கமே போங்கன்னு நான் அழறேன்.

— பொண்டாட்டி வயித்துவலிக்காக அவர் கப்பலைத் திருப்புவாரா?

— திருப்பமாட்டாரு.

— ஆழம் பாக்கிற குண்டைப் போடச் சொல்லலாம். ஆனா இந்தப் பனியில அது சொல்ற பதிலை எப்படி வேணும்னாலும் எடுத்துக்கலாம். அவர் இப்ப என்னை நம்பிட்டாரு அக்கா. அதான் கஷ்டம். எது வந்தாலும் நான் சொன்னதுக்கு ஏத்த மாதிரிதான் பாப்பாரு.

— நீயே சொன்னாலும் நம்புவாரா? ஒரு தடவை இப்படின்னே, இப்ப அப்படின்னா?

— தெரியலை.

— படியில சத்தம் கேக்குது. வராரு. ஆசா, கொஞ்சம் யோசிச்சுப் பேசுடா. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்.

— டேபிதா, விளக்கை மேல தூக்கிப் பிடி. சாவித் துவாரம் தெரியலை. கை வேற விறைச்சுப் போச்சு.

— என்னங்க, உங்க தாடியெல்லாம் பனி.

— இருக்கட்டும். கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். எல்லாரையும் பின்பக்கம் வரச்சொல்லி நிறுத்தினேன். 'மத்தியானம் நான் போட்ட கணக்கு தப்பு, ரெண்டாம் மேட் சொன்னது சரி, உங்க உயிரைக் காப்பாத்தினது அவன்'னு சொன்னேன். இருபத்தோரு வருஷத்துல என் வாயிலேர்ந்து தப்புங்கிற வார்த்தை வந்ததில்லை. சொன்ன பிறகு பாத்தா அவ்வளவு ஒண்ணும் கசக்கலை. ஆளுங்க தொப்பியைக் கழட்டினாங்க டேபிதா. எனக்கா அவனுக்கான்னு தெரியலை.

— என்னங்க...

— நீ அழாதே, நான் பேசி முடிச்சிடறேன். சுக்கானைத் தொட்டது என் உத்தரவுலதான்னு எழுதிடு. நான் கையெழுத்துப் போடறேன். கோர்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்தச் சாவி ஏன் சுத்த மாட்டேங்குது? ம், பிடிச்சுக்கிச்சு. ஏய் ஆசா, கேக்குதா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை இல்லைன்னாலும் பரவாயில்லை, போதகரை எழுப்பிக் கேக்கறேன். கெசியாவை உனக்குத் தரேன்டா. கப்பலை நம்பி உன் கையில குடுக்கலாம்னு எனக்குத் தோணிடுச்சு. வா வெளிய, மாப்பிள்ளை.

— மச்சான், சாவியைச் சுத்தாதீங்க, முதல்ல மேல ஓடிப் போய் கப்பலைப் பழைய பக்கமே திருப்பச் சொல்லுங்க. உங்க கணக்குத்தான் சரி, தப்பு பண்ணினது நான்.